தூரமோ என்று மட்டும் கேட்டேன்

மூன்று நாள் விடாமல் கொட்டிய பனி சனிக்கிழமை பின்னேரம் நின்றது. நின்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கொட்டிக்கொண்டிருந்தால் மகள் வீட்டில் இருப்பாள். நின்றால் மலைக்குப் போய்விடுவாள்.

சுவிஸில் நாங்கள் இருக்கிற ஊஸ்டரில் பனி ஒரு பெரிய விஷயமில்லை. இரண்டு மணித்தியாலத்தில் சேறாகி, பஸ் தரிப்பில் நிற்பவர்களின் காற்சட்டையில் அடிக்கும். மலையில் அப்படியில்லை என்பதை நான் ஆறு வருடமாகப் படித்துவந்தேன். மலைக்குப் போய்ப் படிக்கவில்லை, கைபேசியில் படித்தேன். பனிச்சரிவு அறிக்கை என்று ஒன்று குளிர்காலம் முழுக்க வரும். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருமுறை, காலை எட்டு மணிக்கு இன்னொருமுறை. நாட்டின் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் இலக்கம் போட்டிருப்பார்கள். நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்கிறேன். உருளைக்கிழங்கு அவிகிற நேரத்தில் ஒரு மூலையில் நின்று அந்தப் படத்தைத் திறந்து பார்ப்பேன். ஒரு நாளும் மலையேறாதவன் இதை இவ்வளவு ஒழுங்காக வாசிப்பதென்றால் அது நான் ஒருவனாகத்தான் இருக்கும். மகளுக்கு இது தெரியாது. தெரியவிடவும் இல்லை.

காரணம், வீட்டில் நான் அவளுடைய மலைக்கு எதிரி. அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயது, ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள், வாங்கிவந்த சாமான்களை எல்லாம் விறாந்தையில் பரப்பிவைத்தாள். ஏறுவதற்கென்று அடியில் தோல் ஒட்டிய பனிச்சறுக்குப் பலகை. நெஞ்சில் கட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் பெட்டி. பனிக்குள் புதைந்தால் ஆள் எங்கே கிடக்கிறார் என்று அது மற்றவர்களுக்குச் சொல்லுமாம். பனிக்குள் குத்தித் தேட, மடித்து வைக்கக்கூடிய நீளக் கம்பி ஒன்று, மண்வெட்டி ஒன்று. மண்வெட்டியைக் கண்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிணம் தோண்டவோ போறாய்?" என்று கேட்டேன்.

"உயிரோட தோண்டத்தான் அப்பா," என்றாள்.

நான் அதோடு விட்டேனா? நாங்கள் வந்த காலத்தில் பனியை மிதித்தது வயிற்றுப்பாட்டுக்கு, நீ விளையாட்டுக்கு மிதிக்கிறாய் என்று தொடங்கி, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவள் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் மலைப்பேச்சு இல்லை. குளிர்காலத்தில் மாதம் இரண்டு மூன்று தடவை போவாள், வருவாள். நான் செருப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று வழியனுப்புவேன், அவ்வளவுதான்.

எங்கே என்று கேட்க மாட்டேன். வெளிக்கிடுகிற ஆளிடம் "எங்கே போகிறாய்" என்று கேட்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் இது சட்டம் மாதிரி. கேட்டால் போகிற காரியம் சரிவராது. அறியவேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கலாம், போகிறவர் விரும்பினால் சொல்லுவார். யாராவது தெரியாத்தனமாக "எங்கை?" என்று கேட்டுவிட்டால் என் அப்பா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, கதிரையில் இருந்து, அரைக் கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். கேட்டவரைத் திட்டுவது அதற்குப் பிறகு தனியாக நடக்கும். மகளுக்குச் சின்ன வயதில் இதையெல்லாம் கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு மகள் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஏழு மணி வேலை, அதனால் நானும் எழும்பியிருந்தேன்.

"தூரமோ?" என்றேன்.

"கொஞ்சம் தூரம்தான் அப்பா."

"பின்னேரம் வந்திடுவியோ?"

"ஓம். போட்டு வாறன்."

இங்கே பிறந்த பிள்ளை என்றாலும் "போறன்" என்று சொல்ல மாட்டாள். அதில் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி. கதவுப்பிடியில் கையை வைத்தபடி ஒரு கணம் நின்றாள். எதையோ மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். பிறகு முதுகுப்பையில் அந்த மண்வெட்டி தெரியத் தெரிய மாடிப்படியில் இறங்கிப் போனாள்.

எட்டு மணிக்குக் குசினியில் அறிக்கையைத் திறந்தேன். முதல்நாள் பின்னேரம் நாட்டில் அரைவாசி நாலாம் இலக்கத்தில் சிவந்து கிடந்தது. இப்போது பெரும்பாலான இடம் மூன்றுக்கு இறங்கிச் செம்மஞ்சளாகியிருந்தது. எனக்கு மனம் லேசானது. மூன்று என்றால் ஐந்தில் நடுவில்தானே. அதற்கு அவர்கள் போட்டிருந்த ஜெர்மன் சொல்லை முதல் வருடமே அகராதியில் பார்த்துவைத்திருந்தேன். "கணிசமான" என்று இருந்தது. கணிசமான ஆபத்து. தமிழில் கணிசமான என்றால் கணிசமான வருமானம், கணிசமான லாபம், கணிசமான கூட்டம். கெட்டதற்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லை நம்பி ஆறு வருடமாக மூன்றாம் இலக்க நாட்களில் நிம்மதியாக வெங்காயம் வெட்டியிருக்கிறேன்.

எங்கள் தலைமைச் சமையற்காரி கிராவுபுண்டன் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். என் வயதுதான், என்னைவிடக் கோபம் கூட. ஒன்பது மணிக்கு யன்னலால் எட்டிப் பார்த்தாள். வானம் கழுவித் துடைத்தது போல நீலமாக இருந்தது.

"இதுதான் கெட்ட நாள்," என்றாள்.

"நல்ல வெயில்தானே?" என்றேன். "நாலு மூன்றாகவும் இறங்கிவிட்டது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பனிச்சரிவு இலக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டாள். "நாலென்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மூன்றென்றால்தான் போவார்கள். போகிறவர்கள்தான் சாகிறார்கள்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டு நிற்காமல் ஒரு பேக்கிங் தட்டை இழுத்தெடுத்தாள். அதில் ஒரு கைபிடி சீனியைத் தூவினாள். பழ டார்ட்டுக்காக நான் உருட்டி வைத்திருந்த மாவுத் தகட்டைத் தூக்கி அதன்மேல் விரித்தாள். "கீழே இருப்பது பழைய பனி, உதிரி உதிரியாக. மேலே மூன்று நாள் விழுந்த புதுப்பனி. காற்று வேறு அடித்து இறுக்கியிருக்கிறது," என்று சொல்லித் தட்டின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். அப்போதும் ஒன்றுமில்லை. மாவின் நடுவில் ஒரு விரலால் தொட்டாள். முழுத் தகடும் ஒரேயடியாக வழுக்கி என் ஏப்ரனில் வந்து விழுந்தது.

"அந்த விரல்தான் மனுசர்," என்றாள்.

நான் மாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "என் மகள் போயிருக்கிறாள்," என்றேன்.

"வோ இஷ் ஸி?" எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள்.

"தெரியாது."

"நீ கேட்கவில்லையா?"

"வெளிக்கிடும்போது கேட்கக்கூடாது," என்றேன். ஜெர்மனில் அதைச் சொல்லும்போது எனக்கே அது எவ்வளவு மடைத்தனமாகக் கேட்டது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவள் தட்டை வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டாள். நான் அப்பா, சைக்கிள், தண்ணீர் என்று ஏதோ தொடங்கி இடையில் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. மகளின் கைபேசிக்கு எடுத்தேன். நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மனைவிக்கு எடுத்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் சமையலுக்கு உதவப் போகிறவள், பானைக்குப் பக்கத்தில் நின்றால் கைபேசி பைக்குள் கிடந்து அடிக்கும். மறுபடி மகளுக்கு. வெங்காயம் கருகியது, சமையற்காரி சட்டியை எடுத்துத் தொட்டியில் போட்டாள். சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேனோ, போடவேயில்லையோ தெரியாது. மறுபடி மகளுக்கு. அந்தப் பெண்குரல்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பன்னிரண்டரைச் செய்தியில் வானொலி சொன்னது: கிராவுபுண்டனில் பனிச்சரிவு, மலையேறிய மூன்று பேர் அகப்பட்டிருக்கிறார்கள், தேடுகிறார்கள்.

மகளோடு எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் யார் என்றும் தெரியாது. ஒருவருடைய இலக்கமும் என்னிடம் இல்லை. பொலிசுக்கு எடு என்று சமையற்காரி தன் தொலைபேசியை நீட்டினாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்: "உங்கள் மகள் எந்தப் பகுதிக்குப் போனார்?"

"மலைக்கு," என்றேன்.

"எந்த மலை?"

"பனி இருக்கிற மலை," என்றேன்.

"ஐயா, இது சுவிஸ்," என்றாள் அவள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே உதவத்தான் பார்த்தாள். பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டாள். இடம் தெரிந்தால் உடனே எடுக்கச் சொன்னாள். முப்பது வருடமாக இந்த நாட்டில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். பிறந்த ஊர், தாயின் பிறந்த ஊர், வந்த பாதை என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்திருக்கிறது. என் பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறாள் என்ற ஒற்றைக் கேள்விக்குத்தான் பதில் இல்லை.

ஒன்றரைக்குச் சமையற்காரி என் ஏப்ரனைத் தானே அவிழ்த்தாள். "வீட்டுக்குப் போ. இங்கே நின்றால் யாரையாவது நஞ்சூட்டிவிடுவாய்," என்றாள்.

வீட்டுக்கு வந்து மகளின் அறைக்குள் போனேன். கள்ளனைப் போல மேசை லாச்சிகளை இழுத்துத் திறந்தேன். வரைபடங்கள் கட்டுக்கட்டாக இருந்தன, ஒவ்வொன்றிலும் பென்சிலால் மெல்லிய கோடுகள். ஆறு வருடமாக அவள் ஏறி இறங்கிய இடமெல்லாம் அங்கே இருந்தது, அன்றைக்குப் போன இடத்தைத் தவிர. படத்தில் உயரக்கோடுகள் நெருங்கும் இடமெல்லாம் சரிவு என்பதுவரை எனக்கும் விளங்கியது. அவளுடைய பென்சில் கோடு அந்த இடங்களைச் சுற்றிச் சுற்றியே போயிருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் நான் அப்போது இல்லை, பிறகுதான் யோசித்தேன்.

இரண்டு மணிக்கு மனைவி எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன இத்தினை தரம் எடுத்திருக்கிறியள்? என்ன நடந்தது?"

"பிள்ளை எங்க போனவள் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும். தொக்கன்பூர்க் பக்கம். நாலு பேர் போனவை. ஐஞ்சு மணிக்கு முதல் வந்திடுவினம்."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. வானொலி சொன்ன இடம் அதுவல்ல. அடுத்த நிமிடமே கோபமும் வந்தது. "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டனான்."

"வெளிக்கிடேக்கயோ?"

"நேற்றுப் பின்னேரம், பாண் வாங்கிக்கொண்டு வரேக்க. வெளிக்கிடேக்கதானே கேக்கக்கூடாது. முதல்நாள் கேக்கிறதுக்கு என்ன?"

"போன் நிப்பாட்டிக் கிடக்குது."

"அந்த மஞ்சள் பெட்டிக்குப் பக்கத்தில போன் வேலை செய்தா பெட்டி குழம்பிப்போகுமாம். மேல போகேக்க நிப்பாட்டிப்போட்டுத்தான் போவாள். ஒவ்வொருமுறையும் அப்பிடித்தான். உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. மகளின் கட்டிலில் இருந்துவிட்டேன். மனைவி சொன்னதில் சாத்திரம் பிசகவில்லை, நியாயமும் பிசகவில்லை. ஆறு வருடத்தில் எத்தனை சனிக்கிழமைப் பின்னேரங்கள் போயிருக்கும்? கேட்டிருக்கலாம். சகுனம் சகுனம் என்று நான் சொல்லிக்கொண்டது முழுக்கச் சகுனமில்லை. கேட்டால் அவள் போவதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற வீம்புதான். அதற்கு அப்பாவின் சைக்கிளையும் தண்ணீர்க் கிளாசையும் மறைப்பாகப் பிடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பொலிசில் பேசிய அந்தப் பெண்ணுக்கு எடுத்து, இடம் தெரிந்துவிட்டது, இன்னும் நேரமிருக்கிறது என்று சொன்னேன். ஐந்து மணிக்குப் பிறகும் வராவிட்டால் எடுங்கள் என்றாள்.

கைபேசியில் அறிக்கையைத் திறந்தேன். தொக்கன்பூர்க்கும் மூன்றுதான். ஆயிரத்து எண்ணூறு மீற்றருக்கு மேல், வடக்குப் பக்கச் சரிவுகள், காற்று கொண்டுவந்து சேர்த்த பனி, ஓர் ஆளின் பாரமே போதும். முன்பு எத்தனையோ தரம் வாசித்த வரிகள்தான். ஆனால் இதுவரை முழு நாட்டுக்கும் பயந்துகொண்டிருந்தேன். இப்போது ஒரு சரிவுக்குப் பயந்தால் போதும். அது குறைவாக இருக்கவில்லை. யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். தேத்தண்ணி போட்டுக் குடிக்காமல் ஆறவிட்டேன். கோயிலிலிருந்து வந்த மனைவி என்னைப் பார்த்துவிட்டு அரிசி களையத் தொடங்கினாள். அவளுக்கும் பயம்தான், இரண்டு சுண்டு போதுமான மூன்று பேருக்கு ஐந்து சுண்டு அரிசி களைந்தாள்.

நாலேகாலுக்கு என் கைபேசி அடித்தது.

"அப்பா!" என்றாள் மகள். "முப்பத்தொரு மிஸ்ட் கோல். அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை."

"பிறகேன் இத்தினை தரம்? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதோ? மறைக்காதேங்கோ."

"இல்லையெண்டு சொல்லுறன். உனக்கு என்ன எண்டு தெரியாமல்தான் எடுத்தனான்."

அந்தப் பக்கத்தில் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது. "எனக்கோ?" என்றாள்.

தன் அப்பா முப்பத்தொரு தரம் எடுத்தால் அது தனக்காக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அந்த "எனக்கோ" என்னை அறைந்தது போல இருந்தது. "வா, சோறு இருக்குது," என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

வந்தாள், குளித்தாள், கோப்பையில் மலைபோலச் சோற்றைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தாள். வெயிலில் முகம் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது. மனைவிதான் கேட்டாள், உச்சிக்குப் போனீர்களா என்று.

"இல்லை அம்மா, திரும்பிட்டம். கடைசிச் சரிவுக்குக் கீழ வந்து நிண்டம். நான்தான் முன்னுக்கு. திடீரெண்டு 'வும்' எண்டு ஒரு சத்தம். காலுக்குக் கீழ பனி இறங்கினது தெரிஞ்சது."

"வும் எண்டா?"

"உள்ளுக்குள்ள ஒரு படை உடைஞ்சுபோச்செண்டு அர்த்தம். நாங்கள் நிண்டது தட்டையில. அதே சத்தம் மேல கேட்டிருந்தா முழுச் சரிவும் எங்களோட வந்திருக்கும். ரெண்டு பேர் பரவாயில்லை, போவம் எண்டவை. நான் மாட்டன் எண்டு திரும்பிட்டன். பிறகு அவையும் வந்திட்டினம்."

எனக்குச் சத்தம் போட வேண்டும் போல இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறொன்று.

"வடக்குப் பக்கச் சரிவோ?"

அவள் கை சோற்றில் நின்றது. "ஓம்."

"ஆயிரத்து எண்ணூறுக்கு மேலயோ?"

"அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கைபேசியை அவள்முன் வைத்தேன். செம்மஞ்சள் படம் இன்னும் திறந்தே கிடந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து வாசிக்கிறியள்?"

"நீ மண்வெட்டி வாங்கின நாள்ல இருந்து."

"ஆறு வருசம்! ஒரு சொல் கேக்கேல்லையே அப்பா. உங்களுக்கு நான் செத்தாலும் சரி எண்டு நினைச்சன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. "ஒவ்வொருமுறையும் கதவடியில நிண்டு பாக்கிறனான், இண்டைக்காவது எங்க எண்டு கேப்பியள் எண்டு. நீங்கள் தூரமோ எண்டு மட்டும்தான் கேப்பியள்."

வெளிக்கிடேக்க கேக்கக்கூடாதெல்லோ என்று வாய்வரை வந்தது. இந்த முறை அதைச் சொல்லவில்லை. அவளுடைய கோப்பையில் இன்னொரு அகப்பை பருப்பை விட்டேன்.

பின்னேரச் செய்தியில், கிராவுபுண்டனில் அகப்பட்ட மூன்று பேரில் ஒருவரை உயிரோடு எடுக்க முடியவில்லை என்றார்கள். மகள் எழுந்துபோய் வானொலியை நிறுத்தினாள்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. விடிய ஐந்தரை. மகள் சப்பாத்தைப் பூட்டி, முதுகுப்பையை மாட்டி, கதவுப்பிடியில் கையை வைத்தாள். முதல்நாளே கேட்பதற்குத்தான் இருந்தேன். ஆனால் எனக்கு வெள்ளிக்கிழமை பின்னேர வேலை, வரும்போது அவள் படுத்துவிட்டாள்.

"எங்க போறாய்?" என்று கேட்டேன்.

குசினிக்குள் கரண்டி விழுந்தது. "ஐயோ, வெளிக்கிடேக்க என்ன கேள்வி இது! உங்களுக்கு விசரே?" என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினாள்.

மகள் கதவைச் சாத்தினாள். முதுகுப்பையை இறக்கினாள். பூட்டிய சப்பாத்தை ஒவ்வொரு பூட்டாகக் கழற்றினாள். மேசையடிக்கு வந்து, கதிரையில் இருந்து, அரைக் கிளாஸ் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தாள். பிறகு பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேசை முழுக்க விரித்தாள்.

"ரயில் போயிடும் பிள்ளை," என்றேன்.

"போகட்டும் அப்பா. அடுத்தது அரை மணித்தியாலத்தில இருக்கு," என்று சொல்லி, பக்கத்துக் கதிரையை எனக்கு இழுத்துவிட்டாள்.